சிவப்பும் பச்சையும் ஒரே ஒரு ஊதாவும்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது காரைக்கால் கடைத்தெருவில் தினமும் ஒரு குரல் போகும். சைக்கிளில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஒருவர் லாட்டரிச் சீட்டு விற்பார். "நாளைக்கு... நாளைக்கு..." என்று இழுத்தபடியே திருப்பத்தில் மறைவார். தெருவிலேயே என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் ஒருநாளும் தன் சீட்டைத் தானே வாங்கியதில்லை. அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

நாற்பத்தைந்து வருடம் கழித்து அதே குரல் என் செல்போனுக்குள் குடிவந்தது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி லாரிகளுக்கு எடை போடுகிறவன் நான். பக்கத்து நாற்காலி ராஜ்மோகன்தான் அந்த விளையாட்டைக் காட்டினான். நிமிடத்துக்கு ஒரு நிறம் விழும். சிவப்பா, பச்சையா என்று முன்பே சொல்லிப் பணம் கட்ட வேண்டும். சரியாக இருந்தால் இரட்டிப்பு.

கூரை மாற்றுவதற்காகப் பி.எஃப். பணத்தில் நாற்பதாயிரம் எடுத்து பேங்கில் போட்டு வைத்திருந்தேன். போன மழையில் கூரை ஒழுகி, என் மனைவி இருதயமேரியின் தையல் மிஷின் மேலேயே சொட்டியது. யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை பாழ். ஐப்பசிக்குள் சரிசெய்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். நாற்பதை எண்பதாக்கினால் நல்ல ஓடாகவே போடலாம் என்பது என் பெருந்திட்டம்.

நான் சூதாடவில்லை. கட்டுப்பாட்டோடு ஆடினேன். இரண்டு மாதத்தில், மிகுந்த கட்டுப்பாட்டோடு, பதினோராயிரம் போய்விட்டது.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மேரி பாஸ்புக்கோடு நின்றாள்.

"ஏங்க, பதினோராயிரம் எங்க?"

"படிப்புச் செலவுன்னு வச்சுக்கயேன். இப்பதான் சூட்சுமம் பிடிபட்டிருக்கு."

"சொல்லுங்க, கேப்போம்."

கத்துவாள் என்று பார்த்தேன். ஊசியில் நூல் கோத்தபடி உட்கார்ந்துவிட்டாள். இருபத்தெட்டு வருடத்தில் நான் சொல்வதைக் கேட்க அவள் உட்கார்ந்தது அன்றுதான்.

"முதல்ல ஐந்நூறு. தோத்தா ஆயிரம். திரும்பத் தோத்தா ரெண்டாயிரம். எப்ப ஜெயிச்சாலும் போனது வந்துடும், மேல ஐந்நூறு நிக்கும். ஜெயிச்சதும் எழுந்துடணும். அதான் ஒழுங்கு."

"ஜெயிக்கலன்னா?"

"ஜெயிக்கிற வரைக்கும் இரட்டிக்கணும்."

"நல்ல ஒழுங்குதான். போன்காரன் எவ்வளவு பிடிக்கிறான்?"

"நூத்துக்கு ரெண்டு."

"நான் ஒண்ணும் பிடிக்கல. எங்கிட்டயே ஆடுங்களேன்."

பொத்தான் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தாள். சிவப்பு இருபது, பச்சை இருபது எண்ணிப் போட்டாள். கடைசியாக ஒரே ஒரு ஊதா.

"ஊதா எதுக்கு?"

"உங்க போன்ல இருக்குல்ல? நானும் பாத்தேன். அது வந்தா நீங்க கட்டினதுல பாதிதான் திரும்ப வரும்."

"மீதி?"

"நிர்வாகத்துக்கு."

இரண்டு நிபந்தனை வைத்தாள். முதல் பணம் முழுவதும் முன்கூட்டியே நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். பொத்தானை அவள்தான் எடுப்பாள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. என்ன யோக்கியமான மனுஷி என்று நெகிழ்ந்துபோய் மறுநாளே மீதி இருபத்தொன்பதாயிரத்தையும் கொண்டுவந்து கொடுத்தேன்.

ராஜ்மோகன் சிரித்தான். "வீட்டுல ஜெயிச்சாலும் உங்க காசுதானேண்ணே உங்களுக்கு வரும்?"

பொறாமை என்று விட்டுவிட்டேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஐந்நூறு ஜெயித்தேன். ஜெயித்ததும் எழுந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

"சிவப்பு. ஐந்நூறு."

"பச்சைங்க."

"சிவப்பு. ஆயிரம்."

"பச்சை."

"சிவப்பு. ரெண்டு."

"அடடா. பச்சை."

நாலாயிரமும் எட்டாயிரமும் பச்சையில் போயின. கடைசிப் பதினாறாயிரத்துக்கு நிறத்தை மாற்றினேன்.

"பச்சை."

மேரி கண்ணை இறுக மூடி, டப்பாவுக்குள் கையை விட்டு ரொம்ப நேரம் துழாவினாள்.

"சிவப்புங்க. இப்ப முப்பத்திரண்டாயிரம் கட்டணுமே?"

"எங்கிட்ட ஏது?"

"இது ஒழுங்குல இல்லையே."

"ஒரு அஞ்சாயிரமாவது திருப்பிக் குடு, மேரி."

"மூணு நாள் ஆகுங்க. சர்வர் பிஸி."

மூன்றாம் நாள் நான் வேலை விட்டு வரும்போது பட்டினச்சேரி ஆட்கள் இரண்டு பேர் என் வீட்டுக் கூரையில் ஏறி நின்று புதுத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை சட்டைப் பொத்தான் அறுந்தது. டப்பாவுக்குள் கையை விட்டேன். ஒரு பொத்தானில் நாலு துளை. இன்னொன்றில் இரண்டு. எடுத்துப் பார்த்தேன். சிவப்பெல்லாம் நாலு, பச்சையெல்லாம் இரண்டு. முப்பது வருடம் பொத்தான் தைத்த விரலுக்குக் கண் எதற்கு?

"மேரி, இது மோசடி."

"ஆமாங்க."

"அப்ப முதல் அஞ்சு நாள் நான் ஜெயிச்சது?"

"அதுவும் நான் எடுத்ததுதான். ஆசை காட்டாம ஆள் வருமா?" மிஷினை மிதித்தபடியே சொன்னாள். "எங்கிட்டயாவது டப்பாவைத் திறந்து பாத்துட்டீங்க."

தகரத்தின் மேல் மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

அந்த வாரமே போனில் அந்த விளையாட்டு திறக்காமல் போனது. ராஜ்மோகன் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டான். கோட்டுச்சேரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறான்.