நைதரசன் பறக்காமல் கட்டிய சட்டி

அதிகம் படித்தவனைவிடப் புதிதாகப் படித்தவன்தான் ஆபத்தானவன். அறுபதுகளில், விவசாயப் படிப்பை முடித்த சூட்டோடு மட்டக்களப்பில் தற்காலிக நியமனம் பெற்றிருந்த நான் அந்த வகையைச் சேர்ந்தவன். நைதரசன் (நைட்ரஜன்தான்) என்ற சொல்லை நாளுக்கு இருபது தடவையாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

மக்கவைத்த பன்றி எருவில் எந்த ஊர் எருவுக்கு நைதரசன் கூடுதல் என்று ஒப்பிட்டுப் பார்க்க மேலிடத்துக்கு ஆசை வந்தது. கல்குடா, மாங்கேணி, வெல்லாவெளி மூன்றிலும் மாதிரி எடுத்து ரயிலில் ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். ஒழுங்காகச் செய்தால் என்னை நிரந்தரமாக்கச் சொல்வதாக உதவிப் பணிப்பாளர் வாக்களித்திருந்தார். நிரந்தரமாகாதவனுக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். (வாடகைச் சைக்கிள் கொடுக்கவே யோசிப்பார்கள்.)

கல்குடாவும் மாங்கேணியும் தகரப் பேணிகளில் அடங்கிவிட்டன. வெல்லாவெளிக்குப் போனபோது பேணி தீர்ந்துவிட்டது. அங்கே பன்றி வளர்த்த சந்தியாப்பிள்ளை அண்ணனின் மனைவி மரியம்மாக்கா, ஒரு புதுத் தயிர்ச்சட்டியில் எருவை நிரப்பித் தந்தார்.

"இறுக்கிக் கட்டுங்க அக்கா, நைதரசன் பறந்திரும்" என்றேன்.

"அதென்ன மனே, குருவியா?" என்று கேட்டபடி வாழையிலையை வைத்து, துணியால் கட்டி, விளிம்பைச் சுற்றிக் களிமண்ணும் அப்பினார்.

வீட்டுக்கு வந்தவனை வெறுங்கையோடு அனுப்பினால் அங்கே வீட்டுக்காரருக்குத்தான் குறைச்சல். "இத உங்கட துரைக்குக் குடுங்க" என்று ஒரு சட்டி எருமைத் தயிரும் தந்தார். எருவுக்குச் செய்த மரியாதையைத் தயிருக்குச் செய்யாமல் விடலாமா? அதற்கும் வாழையிலை, துணி, களிமண்.

எருச்சட்டியில் சீட்டு ஒட்டி, இரண்டையும் ஒரே சாக்கில் வைத்து பஸ்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் மழை. இறங்கிப் பார்த்தால் சீட்டு கழன்று சாக்கின் அடியில் கிடந்தது. களிமண் அப்பியிருந்ததால் மணமும் தெரியவில்லை. திறந்து பார்த்திருக்கலாம். நான் படித்தவன் அல்லவா? இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன். எருதானே கனமாயிருக்கும்! கனமான சட்டியில் சீட்டை ஒட்டி ரயிலேற்றிவிட்டு, மற்றதை உதவிப் பணிப்பாளர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்று மதியம் அங்கே கொழும்பிலிருந்து பெரியதுரை விருந்துக்கு வந்திருந்தார். என் நியமனக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். என்னையும் மேசையில் இருத்தினார்கள். சோறு பாதி இறங்கியதும், "வெல்லாவெளித் தயிர், தம்பி கொண்டுவந்தது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கார அம்மா துணியை அவிழ்த்து இலையை எடுத்தார்.

உள்ளே கறுப்பாக இருந்தது.

அம்மாவின் கையிலிருந்த கரண்டி பருப்புக்கறிக்குள் விழுந்தது. வாவிப்பக்க யன்னலால் வந்த காற்று, நான் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிக் காத்த நைதரசனை எல்லாருக்கும் சமமாகப் பரிமாறியது.

"ஐயோ, என்ன இது?"

"பன்றி எரு, அம்மா" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "நல்லா மக்கவச்சது."

பெரியதுரை கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, கைகூடக் கழுவாமல் வாசலுக்குப் போனார். உதவிப் பணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "அப்ப ஆய்வுகூடத்துக்கு என்னத்தடா அனுப்பின நீ?" என்றார். அதுவரை அவர் என்னை 'டா' போட்டதே இல்லை.

இரண்டு கிழமையில் ஆய்வுகூடத்திலிருந்து பதில் வந்தது. கல்குடா, மாங்கேணிக் கணக்குகளுக்குக் கீழே ஒரு குறிப்பு: "வெல்லாவெளி மாதிரி பரிசோதனைக்கு மிஞ்சவில்லை. இன்னும் இரண்டு சட்டி அனுப்பவும்." நான் திகைத்துப்போனேன். 'பன்றி எரு' என்று சீட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேனே! அதை வாசித்த பிறகும் எந்த மகராசன் முதலில் விரலை விட்டு நக்கிப் பார்த்தான்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நிரந்தர நியமனம் ஒரு வருடம் தள்ளிப்போனது. கல்யாணமும் அதோடு தள்ளிப்போனது. அந்த ஒரு வருடமும் காத்திருந்து என்னைக் கட்டியவள் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. நான் எந்தப் பார்சலோடு வந்தாலும் வாசல் படலையிலேயே மறித்துவிடுவாள். "அங்கயே திறந்து, முதல்ல நீங்க ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுங்க. மறுகா உள்ள வரலாம்" என்பாள். பிள்ளைகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

போன கிழமை நான் வாங்கிக்கொண்டு போனது ஒரு சோடி செருப்பு.