இன்னும் கொஞ்சம் குறையும்

ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். பால் காய்ச்சினான். பொங்கும்வரை அடுப்பருகே நின்றான். குடித்தான். செய்தித்தாளின் கடைசிப் பக்கத்தைத் திறந்து கம்ப்யூட்டர் விளம்பரத்தைத் தேடினான். அலமாரியிலிருந்து நீல நோட்டை எடுத்துத் தேதியையும் விலையையும் எழுதினான்.

ஒன்பது வருடங்களாக இதுதான் அவன் காலை. மனைவி இறந்து எட்டு மாதமாகியும் நோட்டு நிற்கவில்லை. நிறுத்தச் சொல்ல ஆளில்லை.

பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில், சாமான் வாங்கும் பிரிவில் அவனுக்கு வேலை. மூன்று இடத்தில் விலை கேட்காமல் குண்டூசிகூட வாங்கமாட்டான். அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே ‘கொட்டேஷன்’. விலை கேட்காமல் அவன் செய்த ஒரே காரியம், ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுபோக வண்டி பிடித்தது. முதலில் வந்த வண்டி. ஓட்டுநர் சொன்னதைக் கொடுத்தான். பிற்பாடு விசாரித்ததில் அது அதிகம்தான்.

கல்யாணமான முதல் மாதத்திலேயே அவள் கேட்டாள்.

“என்னங்க, ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாமா? காலேஜ் பசங்களுக்கு டைப் அடிச்சுக் கொடுப்பேன். வீட்ல சும்மாதானே இருக்கேன்.”

அப்போது அதன் விலை அவனுடைய பதினோரு மாதச் சம்பளம்.

“பொறு. இந்த மாதிரி சாமானெல்லாம் விலை ஏறவே ஏறாது. இன்னும் கொஞ்சம் குறையும்.”

குறைந்தது. அதுதான் வினை. அடுத்த வருடம் எட்டு மாதச் சம்பளம். பிறகு ஐந்து. பிறகு இரண்டு. குறையக் குறைய வாங்குவது இன்னும் முட்டாள்தனமாகத் தெரிந்தது. இன்று வாங்குகிறவன் நாளைக்கு ஏமாளி. அவன் ஏமாறத் தயாராக இல்லை.

இரண்டாவது வருடத்துக்குப் பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தான். தினமும் விலையை உரக்கப் படிப்பான். அவள் காய் நறுக்கியபடி கேட்பாள். “அது வேணாங்க, அந்த மாடல் சீக்கிரம் சூடாகும்” என்பாள் சில நாள். பேப்பரை நன்றாகப் படிக்கிறாள் என்று அவனுக்குப் பெருமை. அவன் வேலைக்குக் கிளம்பியதும், கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் பட்டன் தைத்துக் கொடுக்கப் போவாள். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை. இந்தத் தெருவில் எவன் சட்டையிலும் பட்டன் நிற்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

கடைசி நாள் காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி கேட்டாள்.

“இன்னிக்கு என்ன விலை?”

“ஒரு மாசச் சம்பளம். இன்னும் கொஞ்சம் குறையும்.”

அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். தையல்காரம்மாவைத் துணைக்கு வைத்துவிட்டு மருந்து வாங்கக் கீழே போனான். ஐந்து நிமிட வேலை. திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் முடிந்துவிட்டது. மீதிப் பதினைந்து நிமிடம் எங்கே இருந்தான் என்று யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தேதிக்கு மட்டும் நீல நோட்டில் இரண்டு விலைகள் இருந்தன.

அன்றிலிருந்து தையல்காரம்மா படிக்கட்டில் அவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதற்கு அவனிடம் காரணம் இருந்தது.

இன்றைய விலை பத்தொன்பது நாள் சம்பளம். எழுதி முடித்தான். கல்யாணமான புதிதில் அவள் காட்டிய ஜன்னலோரத்தைப் பார்த்தான். “இங்க வச்சா வெளிச்சம் நல்லாருக்கும்” என்றிருந்தாள். அந்த இடம் ஒன்பது வருடமாகக் காலியாக இருந்தது. இன்று அங்கே ஒரு கம்ப்யூட்டர் எரிய வேண்டும். ஒருமுறை எரிந்தால் போதும். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. அலுவலகத்துக்கு லீவு சொன்னான்.

முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைந்தான்.

“அது ஒண்ணு கொடுங்க.”

கடைக்காரர் விலையைச் சொன்னார். அவன் பணத்தை எடுத்து வைத்தான். கடைக்காரர் பணத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சார், கொஞ்சம்கூடக் குறைச்சுக் கேக்கலியே?”

“வேண்டாம்.”

“நானா ஐந்நூறு குறைச்சுக்கறேன் சார். நீங்க இப்படி நின்னா எனக்குப் பயமா இருக்கு.”

“வேண்டாம்னு சொன்னேனே.”

“அடுத்த மாசம் புது மாடல் வருது. இது இன்னும் குறையும். பொறுமையா வாங்கலாமே?”

அவன் ரசீதுப் புத்தகத்தைக் கடைக்காரர் பக்கம் தள்ளினான். கடைக்காரர் ரசீது எழுதினார்.

“நாளைக்கு ஆள் வந்து மாட்டிக் கொடுப்பான்.”

“இன்னிக்கே வேணும். நானே மாட்டிக்கறேன்.”

மூன்று பெட்டிகளும் வீட்டுக்கு வந்தன. மேஜை இல்லை. ‘கம்ப்யூட்டர் வரட்டும், மேஜை அப்புறம் பாத்துக்கலாம்’ என்றிருந்தான் எப்போதோ. அரிசி டப்பாக்கள் இருந்த பலகையை இழுத்து ஜன்னலோரம் போட்டான். அரிசி தரைக்கு வந்தது. பரவாயில்லை, சமைப்பது ஒரு வேளைதான்.

பிளக் பாயிண்ட் எதிர்ச் சுவரில் இருந்தது. ஒயர் பாதி அறைவரைதான் எட்டியது.

கடைக்குப் போன் போட்டான்.

“ஒயர் எட்டலை.”

“கம்ப்யூட்டரைத் தள்ளி வைங்க சார்.”

“முடியாது. அது அங்கதான் இருக்கணும்.”

“வாஸ்துவா?”

“இல்ல. நீட்டலாமா?”

“நீங்க நீட்டாதீங்க சார். நாளைக்கு ஆள் வருவான், அவன் நீட்டுவான்.”

வைத்துவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் ஒயரை வெட்டினான். இனி அவன் கசங்கிய சட்டையோடுதான் வேலைக்குப் போக வேண்டும். போகலாம். கம்ப்யூட்டர் ஒயரையும் வெட்டி, இரண்டையும் சீவி முறுக்கினான். சுற்ற டேப் வேண்டும். வீட்டில் டேப் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பையை எட்டு மாதத்துக்குப் பிறகு திறந்தான். உள்ளே அவளுடைய சீப்பு, ஒரு துண்டு, பாதி தீர்ந்த வெள்ளைப் பிளாஸ்திரி. கையில் ஊசி நிற்பதற்காக ஒட்டியது. அதை எடுத்து ஒயரில் சுற்றினான். நர்ஸைவிட நன்றாகவே சுற்றினான்.

ஸ்விட்சைப் போட்டான். திரை ஒரு விநாடி வெளுத்தது. டப்பென்று சத்தம். பியூஸ் போய்விட்டது.

பியூஸ் கட்டையைக் கழற்றிப் புது இழை கட்டினான். மறுபடி டப். ஃபிரிட்ஜைப் பிடுங்கிவிட்டுப் போட்டான். டப். பால் கெட்டுப்போக ஆரம்பித்ததுதான் மிச்சம்.

மீண்டும் போன்.

“பியூஸ் நிக்க மாட்டேங்குது.”

“சார், எங்கயோ ஷார்ட் ஆகுது. ஒயரை என்ன வச்சுச் சுத்தினீங்க?”

“பிளாஸ்திரி.”



“காயத்துக்குப் போடறதா சார்?”

“ஆமா.”

“தொடாதீங்க சார். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். வீட்ல வேற யாராச்சும் இருந்தா போனைக் கொடுங்க.”

“வேற யாரும் இல்ல” என்று வைத்தான்.

இழை அறுந்துகொண்டே இருந்தால், அறாத இழையைக் கட்ட வேண்டும். வருடக்கணக்காகச் சாமான் வாங்கியவனுக்கு இது தெரியாதா? மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கினான். பத்தாது என்று தோன்றியது. ஆறாக்கினான். கட்டையைச் சொருகி, ஜன்னலோரம் வந்து ஸ்விட்சைப் போட்டான்.

திரை எரிந்தது. நீலமாக, அறை முழுக்க. அவன் பலகை முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

“வாங்கிட்டேன்” என்றான் சத்தமாக.

பிளாஸ்திரி கருகத் தொடங்கியது. பியூஸ் அசையவில்லை. வீட்டுக்காரர் ஒரே லைனைத்தான் மேலும் கீழும் பிரித்துக் கொடுத்திருந்தார். கீழே மீட்டர்ப் பெட்டியில் வெடித்த மாதிரி ஒரு சத்தம். திரை அணைந்தது. கீழ்வீட்டுத் தையல் மெஷினின் சத்தமும் நின்றது. தெருவில் யாரோ கத்தினார்கள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

தையல்காரம்மா மூச்சிரைக்க வாசலில் நின்றாள். கழுத்தில் அளவு நாடா.

“என்ன தம்பி பண்ணித் தொலைச்சீங்க? கீழ ஒரே புகை! கம்ப்யூட்டர் எரிஞ்சுபோச்சு!”

“இல்லக்கா, இது எரியலை. அணைஞ்சுதான் போச்சு.”

“இதைச் சொல்லலை. கீழ இருந்ததை.” சொன்ன பிறகுதான் ஜன்னலோரத்துப் பெட்டியைப் பார்த்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

“உங்ககிட்ட ஏது கம்ப்யூட்டர்?”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“பட்டன் தைக்கிற கடையில எதுக்கு கம்ப்யூட்டர்?” என்றான். கேட்கும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது. பத்து மணியிலிருந்து நாலு மணிவரை. அந்த மாடல் சீக்கிரம் சூடாகும்.

“எப்ப வாங்கினா?”

“கல்யாணமாகி ரெண்டாவது வருஷம். அப்ப இருந்த விலைக்கு. வளையலை வித்து.”

“எட்டு மாசமா ஏன் எங்கிட்ட சொல்லலை? உங்களுக்கு எம்மேல கோவம்னு நெனச்சேன்.”

“கோவமா? உங்க மூஞ்சியைப் பாத்தா வாய் தவறிடும்னுதான் திரும்பிக்குவேன்.” தையல்காரம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். “ஆஸ்பத்திரியில அவ கட்டில் ஜன்னலோரமாத்தானே இருந்துச்சு தம்பி. கீழ நீங்க தெரிஞ்சீங்க. எதிர்க்கடை போர்டைப் பாத்து விலை எழுதிக்கிட்டு நின்னீங்க. மூச்சு வாங்குதே, கூப்பிடட்டுமாடின்னு கேட்டேன். சிரிச்சா. அப்பதான் சொன்னா...”

“என்ன சொன்னா?”

“‘வேணாங்கா, எழுதி முடிக்கட்டும். நான் வாங்கினதை மட்டும் எப்பவும் சொல்லிடாதீங்க. பாவம், விலை குறையும்னு காத்துக்கிட்டிருக்கார்.’”