மூச்சடக்கி பாய் பிடித்த அணைக்கட்டு

கள்ளக்குறிச்சியில் மூச்சடக்கி பாயிடம் படம் எடுத்துக்கொண்டு மூச்சுத் திணறாத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் போனதும் "மூச்ச அடக்குங்க" என்பார். அப்புறம்தான் சாவகாசமாக லென்ஸைத் துடைப்பார், வாசலில் போகிறவருக்கு சலாம் வைப்பார், விட்ட கதையைத் தொடர்வார். அந்த வட்டாரத்துக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் எல்லாம் முழி பிதுங்கி நிற்பதற்கு மணப்பெண்ணைப் பழிக்காதீர்கள். காரணம் பாய்தான்.

நான் அப்போது ஒரு சொசைட்டியில் குமாஸ்தா. பாயின் ஸ்டூடியோவுக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். மனுஷனுக்கு ஒரே ஒரு பைத்தியம். கோமுகி அணையை விடிகாலையில், பின்னால் கல்வராயன் மலையோடு, ஆள் ஒருத்தர்கூட இல்லாமல் படம் பிடித்து, ஸ்டூடியோ வாசலில் பெரிசாக மாட்ட வேண்டும்.

"மூஞ்சியா எடுத்து எடுத்து அலுத்துப்போச்சு சார். மூஞ்சியே இல்லாம ஒண்ணு எடுக்கணும்" என்பார்.

எங்கே முடிகிறது? எப்போது போனாலும் மீன் பிடிக்கிறவரோ மாடு கழுவுகிறவரோ கேமராவைக் கண்டதும் தலையைக் கோதிக்கொண்டு முன்னால் வந்து நின்றுவிடுவார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருடங்கள் அவை. மரத்தை வெட்டிச் சாலையில் போட்டுவிடுவார்கள். பஸ் ஓடாது, கடை திறக்காது. ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பாய்.

"சார், பஸ்ஸே இல்ல. டேமாண்ட ஈ, காக்கா இருக்காது. கெளம்புங்க."

"கால ஒடச்சிடுவாங்க பாய்."

"ஒடைக்கட்டும். படம் கைலதான எடுக்கறோம்."

கருக்கலில் ஆளுக்கொரு சைக்கிளில் கிளம்பினோம். கச்சிராயபாளையம் போவதற்குள் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. சைக்கிளைத் தூக்கித் தாண்டும்போது ஐந்தாறு இளவட்டங்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கேமராப் பையைப் பிடுங்கினான்.

"இன்னா பாய், எங்க மூஞ்சிய எடுத்து போலீசுல குடுக்கவா?"

"மூஞ்சியே வாணாம்பா எனக்கு. டேமத்தான் எடுக்கப் போறேன்."

"ஆளே இல்லாத டேம எவனாவது காசு செலவு பண்ணி எடுப்பானா? யாராண்ட கத வுட்டுக்கினு இருக்கற?"

நியாயமான சந்தேகம்தான். நானே பலமுறை கேட்டிருக்கிறேன். கடைசியில் பாய் சொல்வது மெய்யா என்று பார்த்துவிடுவதாகச் சொல்லி, அவர்களே எங்களைக் காவலோடு அணைக்குக் கூட்டிப்போனார்கள்.

போனால், அடடா, என்ன காட்சி. தண்ணீர்மேல் பனி நகர்ந்துகொண்டிருக்கிறது. பின்னால் மலை நீலமாக நிற்க, அதன் உச்சியில் மட்டும் வெயில் விழுகிறது. கரையில் ஓர் ஆள்கூட இல்லை. பாய் ஸ்டாண்டை விரித்தார். பழக்க தோஷம், அணையைப் பார்த்து "மூச்ச அடக்குங்க" என்றார். பின்னால் நின்ற பையன்கள் அத்தனை பேரும் அடக்கிக்கொண்டார்கள். நானும்தான். படத்தை எடுத்துவிட்டுப் பாய் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அப்புறம்தான் வேடிக்கை. பையைப் பிடுங்கினவன் தலையைச் சொறிந்தான்.

"பாய், எங்களயும் ஒண்ணு எடுங்களேன்."

மறியல் செய்த முகம் ஒன்றுகூட விடாமல், தோளில் கை போட்டு, கையில் கோடாலியோடு வரிசையாக நின்றார்கள். பாய் தலையில் அடித்துக்கொண்டு எடுத்தார்.

சில நாள் கழித்து ஏட்டு ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்தார். மரம் வெட்டினவர்களைத் தேடிப் போலீஸ் வீடு வீடாகப் புகுந்துகொண்டிருந்த நேரம்.

"பாய், அன்னிக்கு கேமராவோட போனீங்களாமே. ரோலக் குடுங்க."

ரோல் இன்னும் கேமராவுக்குள்ளேயே இருந்தது. படம் கழுவுகிற மருந்து வரவேண்டிய லாரி எங்கோ மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. அணையும் அந்த ரோலில்தான், பையன்களும் அந்த ரோலில்தான்.

"தோ, எடுத்துத் தரேன்" என்று பாய் வாசலுக்கு வந்தார். டார்க் ரூம் கதவிடுக்கில் துளி வெளிச்சம் வந்தாலே கத்துகிற மனுஷர், பட்டப்பகல் வெயிலில் கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து, பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரி ரோலை உருவினார்.

"அடடா, கை தவறிடிச்சு ஏட்டய்யா. வெளிச்சம் பட்டு எல்லாம் பூடுச்சே."

ஏட்டு முறைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"உங்க டேம் போச்சே பாய்" என்றேன்.

"டேம் எங்க சார் போவப் போவுது. பசங்கள இட்டுக்கினு போயிட்டா?"

சொல்லிவிட்டு டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கழுவப் படமே இல்லாதவர் அங்கே என்ன செய்தாரோ தெரியாது. நான் டீ வாங்கி வந்து, அது ஆறிப்போனதும் இன்னொன்று வாங்கி வந்து, கதவு திறக்கும்வரை அங்கேயே நின்றேன். எனக்கு அந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும்.