நான்காவது திருகாணி

‘தப்பெல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது’ என்று சாதிக்கும் ஓர் இனம் உண்டு. கால் இடறினால் தரை கோணல். பிள்ளை பரீட்சையில் கோட்டை விட்டால் கேள்வித்தாள் கோணல். அசல் மாதிரியைப் பார்க்க வேண்டுமானால், எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் அறைக்கு வாருங்கள்.

அங்கே இரண்டு ஸ்கேன்களை ஒரே இயந்திரத்தில் குடிவைத்திருக்கிறார்கள். ஒன்று, உடம்பின் முணுமுணுப்பைக் காந்தத்தை வைத்துக் கேட்கும். மற்றதன் மின்னணுச் சர்க்யூட்டுகளோ ஓயாமல் தொணதொணக்கும். அந்தத் தொல்லை வெளியே கசிந்தால் படத்தில் கோடு விழும் என்பதால், அவற்றைத் தாமிரப் பெட்டிக்குள் போட்டு, நாலு பித்தளைத் திருகாணிகளால் மூடியை முடுக்கியிருக்கிறார்கள். பெட்டிக்குக் காவல் நம் இன்ஜினியர்.

சாதாரணக் காவலா? பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்று தினமும் காலையில் திறந்து பார்ப்பார்.

அன்று படத்தில் கோடு விழுந்தது. மனிதருக்கு முகமெல்லாம் மலர்ச்சி! லிஃப்டை நிறுத்தினார், காபி மெஷினின் வயரைப் பிடுங்கினார், வராந்தாவில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்த காவலாளியின் போனைப் பறித்தார், பக்கத்துக் கட்டடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தவரோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தார். கோடு அசையவில்லை.

ஸ்கேனுக்காக வெறும் வயிற்றோடு வந்திருந்த ஒரு டீச்சரம்மாவை அதற்குள் மூன்று தடவை உள்ளே படுக்கவைத்து எழுப்பியாயிற்று. ஊசியில் ஏற்றிய மருந்தின் வீரியம் இன்னும் அரை மணி நேரம்தான். இன்று படம் தெளிந்தால் நாளை ஆபரேஷன், இல்லாவிட்டால் எப்போதோ. உடம்பிலிருக்கும் கட்டி அதுவரை சும்மா இருக்குமா?

“இன்னிக்காவது முடிஞ்சிடுமாங்க?” என்றார் டீச்சரம்மா.

“நான் என்னம்மா பண்றது? எல்லாருமா சேர்ந்து என் மிஷினக் கெடுக்கறாங்க!” என்றார் இன்ஜினியர்.

டெக்னீஷியன் பெண் இயந்திரத்தின் பின்பக்கம் போய்க் குனிந்தாள்.

“சார், மூடியில மூணு திருகாணிதான் இருக்கு. நாலாவது எங்க?”

இன்ஜினியரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெளியே வந்த விரல்களுக்கு நடுவில் பித்தளை பளபளத்தது. அசடு வழிந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்?

“இத யாரு என் பாக்கெட்ல போட்டது?”

திருகாணி ஏறியது, கோடு மறைந்தது. டீச்சரம்மாவுக்கு மறுநாளே ஆபரேஷன் நடந்தது. நம்மவர் அன்று மாலையே ‘இனி யாரும் பாக்கெட் வைத்த சட்டை போடக்கூடாது’ என்று எல்லாருக்கும் சுற்றறிக்கை விட்டார்.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் நேற்று வீட்டில் சாவியைக் காணோம் என்று மூன்று பேரை நிற்கவைத்துக் கேட்டீர்களே, கடைசியில் அது யார் பாக்கெட்டில் இருந்தது?