மச்சானின் பீரோவும் என் வருமான வரியும்

இந்த வருஷம் வருமான வரிக் கணக்கை நானே ஆன்லைனில் தாக்கல் செய்வது என்று முடிவெடுத்தேன். நாட்டுப்பற்று காரணமில்லை. என் மச்சானின் பீரோதான் காரணம்.

மச்சான் தப்ரேஸ், என் மனைவி சபுராவின் தம்பி. மும்பையை அடுத்த கல்யாணில் ஞாயிற்றுக்கிழமை வீடு மாறுகிறான். புது வீடு நாலாவது மாடி. லிஃப்ட் உண்டு. பீரோ அதற்குள் நுழையாது. போன தடவை அதைத் தூக்கியவர்கள் இன்னும் குனிந்தே நடப்பதாகக் கேள்வி.

தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் கணக்கு எழுதுகிறவன் நான். என் வரிக் கணக்கை மட்டும் வருஷா வருஷம் வேறொருவர்தான் தாக்கல் செய்வார்.

"கடைசித் தேதி நெருங்குது சபுரா. ஞாயித்துக்கிழமை முழுக்க இதுக்கே சரியாப் போயிரும்."

"செய்யுங்க. சர்க்கார் காரியம்லா," என்றாள்.

ஞாயிறு காலை லேப்டாப்பைத் திறந்தேன். எளிய மென்பொருள் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அநியாயத்துக்கு எளிமை. சம்பளம், பிடித்தம் செய்த வரி எல்லாவற்றையும் அதுவே நிரப்பி வைத்துக்கொண்டு, சரிதானா என்று கேட்டது. சரி என்றேன். ஓடிபி சபுராவின் போனுக்கு வந்தது. எங்கள் வீட்டில் ஒழுங்காக ரீசார்ஜ் ஆகிற போன் அது ஒன்றுதான். அடுப்படியிலிருந்து எண்ணை வாசித்தாள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

லேப்டாப்பை மூடாமல் முகத்தைச் சுருக்கி உட்கார்ந்துகொண்டேன்.

"எதுல இருக்கீய?" என்றாள் சபுரா.

"கழிவுல இருக்கேன்."

"அப்போ கதவச் சாத்திக்கிடுங்க."

"வரிக்கழிவு, சபுரா. ரொம்பச் சிக்கல்."

"எத்தன வரி முடிஞ்சிருக்கு?"

"முதல் வரியிலேயே நிக்கேன்."

பாவம் என்று பிரியாணி வைத்தாள். கண்ணுக்குக் குளிர்ச்சியாக மோர் தந்தாள். இவ்வளவு அன்பைப் பார்த்ததும் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இன்னொரு கரண்டி கேட்டேன்.

சாயங்காலம் லேப்டாப்பை மூடினேன். "ஒரு வழியா முடிஞ்சுது. இனி கல்யாண் போய்ச் சேர நேரமில்லையே."

"ஆமா, ரயில்ல போனா நேரமாயிரும். தப்ரேஸ் டெம்போவோட கீழ நிக்கான்."

"எதுக்கு?"

"நீங்க வராம பீரோவத் தொடாதன்னு காலைலயே சொல்லிட்டேன். ஓடிபி பின்னாலேயே இன்னொரு மெசேஜ் வந்துச்சுல்லா. கணக்குத் தாக்கல் ஆயிட்டுன்னு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"நீங்க சந்தோசமா இருந்தீய. எதுக்குக் கெடுக்கணும்?"

மூவரும் டெம்போவில் கல்யாண் போய் நாலு மாடி ஏறினோம். பீரோவின் கீழ்ப்பக்கம் எனக்கு. உள்ளே இருந்த துணிமணியை எடுக்க மறந்துவிட்டதாகத் தப்ரேஸ் மூன்றாவது மாடியில் சொன்னான்.

மேலே ஹாலில் முன்பின் தெரியாத ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் பான் கார்டு.

"தப்ரேஸ் கூட வேலை பாக்குதவங்க," என்று சபுரா அறிமுகப்படுத்தினாள். "நீங்க வரிக் கணக்குல புலின்னு சொல்லிருக்கேன்."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு வேலைக்குப் போகணுமே என்று முனகினேன்.

"அவசரமில்ல, பொறுமையாவே பாருங்க," என்றாள். "உங்க முதலாளிகிட்ட நேத்தே லீவு சொல்லிட்டேன்."