சனிக்கிழமை டூட்டிக்கு நான் போட்ட கணக்கு

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. யார் எந்த நேரத்துக்கு கவுண்டர்ல உக்காரணும்னு ஒரு ரோஸ்டர் போடணும். அவ்வளவுதான்!

எண்பதுகளோட கடைசி. ஜார்ஜ் டவுன்ல, லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஃபைனான்ஸ் கம்பெனி; மலாய்க்காரங்க, சீனங்க, நம்ம தமிழாளுங்க எல்லாம் கலந்த ஆபீஸ். அங்கே நான் கிளார்க்கு. சாயங்கால வகுப்புல கணிதம் படிச்சுட்டு இருந்தேன். படிச்சது கொஞ்சம், பீத்திக்கிட்டது நிறைய.

அதுவரைக்கும் எங்க ஆபீஸ்ல எல்லாம் வாய்ப்பேச்சுதான். சீனப் பெருநாளை ஒட்டி நாங்க பாத்துக்குவோம், தீபாவளியை ஒட்டி மெய் லிங் பாத்துக்குவா, ஹரி ராயா நோன்புப் பெருநாள் வந்தா ரஹீமை வீட்டுக்கு அனுப்பிட்டு எல்லாரும் பாத்துக்குவோம். சனிக்கிழமை அரைநாள் டூட்டி மட்டும்தான் தகராறு. யாருக்கும் வர இஷ்டமில்ல.

மேனேஜர் தம்பையா சார் என்னைக் கூப்பிட்டாரு. "தம்பி, நீ ஏதோ கணக்கு படிக்கிறியாமே. சண்டை வராத மாதிரி ஒரு ரோஸ்டர் போடு."

"சாதா ரோஸ்டர் எதுக்கு சார்? மேத்தமேட்டிக்கல் மாடலே போட்டுடலாம்!"

அவருக்குப் புரியல. எனக்கே பாதிதான் புரிஞ்சிருந்துச்சு. இருந்தாலும் ரெண்டு பேரும் பலமா தலையாட்டினோம்.

விஷயம் இதுதான். யாருக்கு எப்ப வர முடியாதுன்னு நிபந்தனையா கம்ப்யூட்டர்ல போடணும். மொத்த மனக்கஷ்டம் எதுல குறைச்சலோ, அந்த அட்டவணையை அது கண்டுபிடிச்சுக் குடுத்துடும்.

சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறதுன்னா இதுதான். நேரா ஒவ்வொருத்தர் மேசைக்கும் போய், "உங்களுக்கு என்ன கஷ்டம்?"னு கேட்டேன்!

ரஹீம், "வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை, தெரியும்தானே"ன்னாரு. நியாயம். எழுதிக்கிட்டேன்.

"அப்புறம் சனிக்கிழமை கெண்டூரி விருந்து இருக்கு."

"எல்லா சனிக்கிழமையுமா?"

"எங்க குடும்பம் பெருசு லா."

மெய் லிங், "சேட்டர்டே தக் போலே", முடியவே முடியாதுன்னா. அம்மாவை ஆயர் ஈத்தாம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணுமாம்.

லெட்சுமி அக்கா, "சனிக்கிழமை விரதம் தம்பி. பசியில கவுண்டர்ல உக்காந்தா ஆளுங்களை ஏசிடுவேன்"னாங்க. விரதம் இல்லாத நாள்லயும் அதான் நடக்குது. விரதத்தை மட்டும் எழுதிக்கிட்டேன்.

கணேசன் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான். "முதுகுவலிண்ணே."

"சனிக்கிழமை மட்டுமா?"

"டாக்டருக்கே ஆச்சரியம்!"

எல்லாத்தையும் கட்டாய நிபந்தனையா போட்டேன். எது நிஜக் கஷ்டம், எது சோம்பேறித்தனம்னு பிரிக்கிற வேலையை அந்த வகுப்புல சொல்லித் தரல. என் பேருக்கு நேரா மட்டும் ஒண்ணும் போடல. கணக்குப் போடுறவன் தனக்கே சலுகை எடுத்துக்கலாமா? அப்படி ஒரு கெத்து.

பிரிண்டர் கரகரன்னு இழுத்துச்சு. சனிக்கிழமை ரெண்டு பேர் வேணும். அந்த மாசம் பூரா ரெண்டே பேர்தான்: நானும், தம்பையா சாரும்!

சார் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி பாத்தாரு. "என் பேரு எப்படிய்யா இதுல வந்துச்சு?"

"நீங்க நிபந்தனை எதுவும் சொல்லல சார்."

"கோல்ஃப்!"னாரு. "எழுதிக்க. வாசல்ல காவலுக்கு ஜாகா நிக்கிறாரு, சனிக்கிழமைக்கு உள்ளே ஒரு ஆள் போதும்."

அந்த ஒரு ஆள் யாருன்னு மெஷினைக் கேக்க வேண்டிய அவசியமே இல்ல.

அப்பவாவது வாயை மூடியிருக்கலாம். "ஒட்டின பிறகு யாரும் டூட்டி மாத்திக்கக் கூடாது, மாடல் உடைஞ்சிடும்"னு நானே ஒரு மெமோ அடிச்சேன். சார் கையெழுத்துப் போட, பெருமையா சுவத்துல ஒட்டினேன்.

அன்னிக்கு வீட்டுக்குப் போனா அம்மா, "தம்பி, இந்த சனிக்கிழமை காலையில பதினோரு மணிக்குப் பொண்ணு பாக்கப் போறோம். டத்தோ கிராமாட்ல, டீச்சர் பொண்ணு"ன்னாங்க.

போட்டோவை நீட்டினாங்க. எனக்கு அந்த முகம் ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. இதுல கிண்டல் இல்ல, நிஜமாவே சொல்றேன். ராத்திரி தூங்கப் போகும்போது அந்தப் போட்டோ என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு.

மறுநாள் மேசை மேசையா போய்க் கெஞ்சினேன்.

"சுவத்துல என்ன ஒட்டியிருக்கு, படிச்சீங்களா?"ன்னாரு ரஹீம். மெய் லிங், "உன் மாடல் உடைஞ்சிடும் லா, பாவம்"னா. லெட்சுமி அக்கா, கல்யாணம் முடிவானா கட்டாயம் வரேன், சனிக்கிழமையா மட்டும் வச்சிடாதேன்னாங்க. கணேசன் மறுபடியும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான்.

கடைசியா தம்பையா சார். "சார், என் வாழ்க்கைப் பிரச்சினை சார்."

"தம்பி, ஆபீஸ்ல இவ்வளவு அமைதியை நான் பாத்ததே இல்ல. ஒருத்தனுக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா?"

சனிக்கிழமை வந்துச்சு. வீட்டு ஆளுங்க நான் இல்லாமலே கிளம்பிட்டாங்க. நான் கவுண்டர்ல. வந்த ஒரே ஆளும் பஸ்ஸுக்குச் சில்லறை கேட்டு வந்தவரு.

வேலை முடியுற நேரத்துக்கு அம்மா போன் பண்ணாங்க. குரல்லயே தெரிஞ்சுபோச்சு.

"வேணாம்னுட்டாங்கப்பா."

"ஏம்மா? வராததுக்குக் கோவமா?"

"அதெல்லாம் இல்ல. பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டாரு. நான் உன்னை விட்டுக் குடுக்காம பெருமையா சொன்னேன். 'அந்த ஆபீஸ்ல யார் எப்ப வேலைக்கு வரணும், யாருக்கு எப்ப லீவுன்னு முடிவு பண்றதே எங்க பையன்தான்'னேன்."

"நல்லாத்தானேம்மா சொல்லியிருக்கீங்க!"

"அதுக்கு அவரு கேக்குறாரு: 'அப்ப இன்னிக்கு இங்க வர வேணாம்னு முடிவு பண்ணதும் அவர்தானே?'"