போல்ட்டுக்கு அடியில் பச்சை பெயின்ட்

தெரியாத வேலையில் இறங்க அறிவு தேவையில்லை. கையில் ஒரு டெஸ்டர் இருந்தால் போதும். என்னிடம் இருந்தது.

என் மனைவி சுதா, மைசூரு விஜயநகரில் தோசை வண்டி நடத்துகிறாள். வண்டி என்றால், ஜீப்பின் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் டிரெய்லர். தசரா முடிந்த வாரம் அதற்கு முதல் கல்யாண ஆர்டர் வந்தது. நஞ்சன்கூடு சாலையில் மண்டபம், மாலை ரிசப்ஷன். ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும்.

மூன்று மணிக்கு சுதாவின் தம்பி பிரபு ஜீப்போடு வந்து டிரெய்லரை மாட்டினான். இண்டிகேட்டரைப் போட்டால் டிரெய்லரின் பின்விளக்குகள் கண்ணடித்தன. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் எரிந்தது. (ஹாரன் மட்டும் ஹாரனாகவே இருந்தது.)

"இருட்டினா இத ரோட்டுல எடுக்க முடியாது மாமா. எலக்ட்ரீஷியனக் கூப்பிடலாம்."

"வேண்டாம் மாப்ளே. உன் ஜீப்புலதான் கோளாறு."

இருபது வருடம் பத்திரிகையில் பிறர் எழுத்தில் பிழை பிடித்தவன் நான். சந்தேகம் முதலில் அடுத்தவர் மேல்தான் போகும்.

டிரெய்லரைக் கழற்றினால் ஜீப் விளக்குகள் ஒழுங்காக எரிந்தன. இதை நோட்டில் நேரம் போட்டுக் குறித்துக்கொண்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிக்கவில்லை. ஃபியூஸ் மாற்றினேன். எல்லா பல்புகளையும் மாற்றினேன். இப்போது இன்னும் பிரகாசமாகக் கண்ணடித்தன.

நாலரைக்கு சுதா மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். "ஆயிதா? முடிஞ்சுதா இல்லையா? மண்டபத்துக்காரங்ககிட்ட என்ன சொல்றது, வீட்டுக்காரர் குறிப்பு எழுதறார்னா?"

பிரபு என்னைக் கேட்காமல் எப்போதோ போன் செய்திருக்கிறான். மண்டி மொஹல்லாவிலிருந்து எலக்ட்ரீஷியன் முருகேசன் ஸ்கூட்டரில் வந்திறங்கினார். தமிழ்நாட்டு எல்லையோரக் கௌதள்ளிக்காரர், கொங்குப் பேச்சு. பல்பைத் தொடவே இல்லை. நேராக டிரெய்லரின் எர்த் வயரைப் பிடித்துக்கொண்டு போய், அது முடியும் போல்ட்டைக் கழற்றினார். அடியில் பளபளவென்று பச்சை பெயின்ட்.

"கரண்டு போறதுக்கு வழி இருக்குதுங்க, திரும்பி வர்றதுக்குத்தான் இல்லீங்க. பெயின்ட் அடிச்சு அடச்சு வெச்சிருக்குது. எந்தப் புண்ணியவானுங்க?"

ஆயுத பூஜைக்கு வண்டியைப் புதிதாக்குகிறேன் என்று ஒரு போல்ட் விடாமல் கழற்றி, அடியில் இரண்டு கோட் அடித்து, திரும்ப மாட்டி, மேலே சந்தனமும் குங்குமமும் வைத்தவன் நான். நகக்கண்ணில் பச்சை இன்னும் போகவில்லை. அக்காவும் தம்பியும் அதையே பார்த்தார்கள்.

முருகேசன் உப்புத்தாளால் நாலு தேய் தேய்த்து மாட்டினார். விளக்குகள் அதனதன் வேலைக்குத் திரும்பின. ஐந்து பத்துக்குக் கிளம்பினோம். மண்டபத்தில் தோசைக்கு வரிசை நின்றது. எனக்குச் சட்னி ஊற்றும் வேலை மட்டும் தரப்பட்டது.

போன மாதம் எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்தின் கரண்டு ஓட்டத்தில் சின்ன மாறுதல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்து இதைச் சொன்னேன். சுதா நிம்மதியாக மூச்சு விட்டாள். பிரபு மட்டும் என் நெஞ்சை உற்றுப் பார்த்தான்.

"உள்ள ஏதாச்சும் பெயின்ட் அடிச்சீங்களா மாமா?"